சிலுவைமுத்து என்கிற கூட்டம்

கேலரியின் முன்கம்பியில் தொப்பையைச் சாய்த்து, வலது கையை வாயோரம் மடித்து, அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து சிலுவைமுத்து குரல் விடுகிறார்: "லைன்ஸ்மேன் நைனா, கொடிய இஸ்திரி போட்டு பொட்டில வெச்சிகினியா?"

லைன்ஸ்மேன் திரும்பிப் பார்க்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று புரிகிற அளவுக்கு ஸ்டேடியம் அமைதியாக இருக்கிறது. சிலுவைமுத்து சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறார். வார் நன்றாகத்தான் இருக்கிறது.

முன்பெல்லாம் இந்தக் குனிதல் கிடையாது. எப்போதாவது தேசிய அணி சென்னைக்கு ஆட வரும்போது கல்மண்டபத்திலிருந்து குட்டியானை லோடு வண்டிகள் கிளம்பும். பின்னால் நின்றுகொண்டே வருபவர்கள் வண்டித் தகரத்தைத் தட்டும் தட்டில் மின்ட் வரைக்கும் நாய்கள் ஓடும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று ஒருவர் என்ன சொன்னாலும் அது யார் சொன்னதும் இல்லை. ரெஃப்ரியின் கண் பவரைப் பற்றியும், அவர் மாமனார் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியும் சிலுவைமுத்து சொல்லாதது எதுவும் பாக்கி இல்லை. ஒரு ரெஃப்ரியும் திரும்பியது கிடையாது.

பிறகு குட்டியானைக் கூட்டம் ஷேர் ஆட்டோவுக்குள் அடங்கியது. இப்போது நண்பர் உசேன் பாயின் ஸ்கூட்டர் பின்சீட்டில் அடங்கிவிட்டது.

தெருப் பையன்கள் ஃபுட்பாலை விட்டுவிட்டார்கள் என்று நினைக்கக் கூடாது. வியாசர்பாடியில் விடிகாலையில் புழுதிக்குள் பந்துதான் உருளுகிறது. ஆனால் முதுகில் இருப்பதெல்லாம் லண்டன் பனியன், மாட்ரிட் பனியன். லண்டன் அணியின் மூன்றாவது கோல்கீப்பருக்குக் கணுக்கால் சுளுக்கினால் தெருவே சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறது. இந்தியாவுக்கு யார் கோல்கீப்பர் என்று சிலுவைமுத்து ஒருநாள் கேட்டதற்கு, "இன்னாண்ணா, டீ குடிக்க வந்த எடத்துல பரீட்சை வெக்கிற" என்று நகர்ந்துவிட்டார்கள்.

சிலுவைமுத்துவின் தொழிலே குரல்தான். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறார். விடிவதற்குள் படகுகள் வந்து வஞ்சிரமும் சங்கராவும் தரையில் கொட்டப்பட்டதும், ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உள்ளங்கையால் தட்டுவார். சிதறி நிற்கிற வியாபாரிகள் அந்தச் சத்தத்துக்குத் திரும்புவார்கள். "ரொம்பின பொட்டி பேசாது. காலிப் பொட்டிதான் பேசும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் தத்துவம். அவர் அதைத் தத்துவமாகச் சொல்வதில்லை. நிரம்பிய பெட்டியில் தட்டினால் கையில் மீன்முள் குத்தும், அவ்வளவுதான்.

ஏலம் படுத்துவிட்டால் அதற்கும் ஒரு வித்தை வைத்திருக்கிறார். யாருமே கேட்காமல் நிற்கும்போது, தூரத்துத் தூணைப் பார்த்து, "தோ, பின்னால ஒரு ஆளு கேட்டாச்சு" என்பார். தூணருகில் ஒரு பூனை கூட இருக்காது. எல்லா வியாபாரிகளுக்கும் அது தெரியும். தெரிந்தே சிரிப்பார்கள், சிரித்த வாயோடு ஒருவர் விலை கேட்டுவிடுவார். ஏலம் மறுபடி எழுந்து நடக்கும்.

குரலை வீட்டில் செலவழிக்க மாட்டார். குழம்பு வேண்டுமென்றால் ஒரு விரல், ரசம் என்றால் இரண்டு, உப்பு தூக்கல் என்றால் புருவம். மகள் ஜெரின்தான் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாள். மேட்ச் நாளுக்கு முன்பு கழுத்தில் துண்டு சுற்றி, மிளகுப் பால் குடித்து, ஐஸ் லோடு வண்டி கடந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். காலியான ஸ்டேடியத்துக்கு எதற்கப்பா இவ்வளவு, போனிலேயே பாரேன் என்று ஜெரின் கேட்டாள். அதற்கு மட்டும் வாய் திறந்தார்.

"போன்ல நான் கத்துனா அவனுக்குக் கேக்குமா?"

உசேன் பாயின் கட்சி வேறு. வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் அவருக்கு நாள் முழுக்க நின்று கால் கடுத்துப்போகிறது. ஸ்டேடியம் காலியானதில் மகிழ்ச்சியடைந்த ஒரே ரசிகர் அவர்தான். நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளை வளைத்துப்போட்டு, தலைக்குப் பை வைத்து நீட்டிப் படுத்துவிடுவார். "இன்னா காத்து, இன்னா காத்து. ரயில்ல பர்த்துக்கு அலையிறான். இங்க வந்தா நாலு கீது" என்பார். கோல் விழுந்தால் எழுப்பச் சொல்லிவைப்பார். நிறைய நாள் தூக்கம் கெடாமலே வீடு திரும்பியிருக்கிறார்.

இந்த நிம்மதி ஒரு மேட்சில் போய்விட்டது.

எதிரணிக்கு த்ரோ. நம் அணியின் மூன்றாம் நம்பர் பையன், சிலுவைமுத்து நிற்கும் கம்பிக்கு நேர் கீழே, ஓட்டத் தடத்துக்கு அந்தப் பக்கம் நின்றான். அதுவரை இரண்டு முறை பந்தைத் தவறவிட்டிருந்தான். பழைய பழக்கத்தில், கூட்டம் தன்னைச் சுற்றி இருக்கிற நினைப்பில், சிலுவைமுத்து குரல் விட்டார்: "மூணாம் நம்பரு! அது உன் காலா, இல்ல வாடகைக்கு எட்த்துகினு வந்தியா?"

பையன் திரும்பினான். அண்ணாந்து பார்த்தான். பார்த்து, காசிமேட்டுக் குரலுக்குக் கொஞ்சமும் குறையாத வடசென்னைக் குரலில் பதில் சொன்னான்.

"சொந்தக் காலுதாண்ணா!"

சொல்லி முடிப்பதற்குள் எதிராளி த்ரோவை எடுத்துவிட்டான். பந்து பையனின் முதுகுக்குப் பின்னால் போய், ஒரு காலில் பட்டு, இன்னொரு காலில் பட்டு, வலைக்குள் விழுந்தது. அந்த ஒற்றை கோலில் இந்தியா தோற்றது. உசேன் பாய் எழுந்து உட்கார்ந்து, யார் போட்டது என்று கேட்டார். சிலுவைமுத்து குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். அவர் கணக்குப்படி அந்த கோலைப் போட்டது அவரேதான்.

பையன் பெயர் அன்பரசன், எண்ணூர்க்காரன் என்று மறுநாள்தான் தெரிந்தது. பேப்பரில் அவனுடைய கவனச் சிதறலைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார்கள். உசேன் பாய் அதைக் கடையில் வைத்து உரக்கப் படித்துக் காட்டினார். "கவனச் செதறலுன்னு போட்டுக்கீறான். செதற வுட்டவன் பேரப் போடல. தப்பிச்ச மாமு" என்றார். சிலுவைமுத்து சிரிக்கவில்லை. அதனால் உசேன் பாயும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "கூட்டத்துல கத்துனா அது கோஷம் மாமு. தனியா கத்துனா அது வம்பு."

அந்த வாக்கியம் சிலுவைமுத்துவை வாரக்கணக்கில் தின்றது. ஏலத்தில் சங்கராவை வஞ்சிரம் என்று சொன்னார். வீட்டில் ரசத்துக்கு ஒரு விரல் காட்டினார். டீமிலிருந்து பையனைத் தூக்கிவிடுவார்களோ என்ற பயம். தூக்கவில்லை, அடுத்த மேட்ச்சும் சென்னையில்தான், பட்டியலில் அன்பரசன் இருக்கிறான் என்று ஜெரின் போனில் பார்த்துச் சொன்ன அன்றைக்கு, உசேன் பாயின் கடைக்குப் போய்த் தன் திட்டத்தைச் சொன்னார். தனியாகக் கத்தினால் வம்பு என்றால், கூட்டமாகக் கத்தினால் போகிறது. கூட்டம் வரவில்லை என்றால் என்ன? பின்னால ஒரு ஆளு கேட்டாச்சு.

நம்புங்கள், மேட்ச் அன்று மாலை சிலுவைமுத்து ஒருவரே கூட்டமாக இருந்தார். கம்பியோரம் நின்று சொந்தக் குரலில் "அன்பு!" என்பார். தொப்பை குலுங்க மேல் படிக்கு ஓடி, மூக்கால் இன்னொரு "அன்பு!" விடுவார். தூணுக்குப் பின்னால் போய் ஒரு கிழவர் குரல். அங்கிருந்து இறங்கி வந்து ஒரு பெண் குரல். பெண் குரலுக்கு மட்டும் உசேன் பாய் படுத்தபடியே கண் திறந்து, "யாரு, அண்ணி வந்துக்கீதா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

கீழே அன்பரசன் நன்றாகத்தான் ஆடினான், ஆனால் பயந்து ஆடினான். பந்து காலுக்கு வந்த நிமிடம் பின்னாலேயே தள்ளினான். முன்னால் கோடு வரைக்கும் காலி மைதானம் கிடந்தது. ஆனாலும் அவன் திரும்பித் தன் கோல்கீப்பருக்கே கொடுத்தான். ஒருமுறை, ஒரே ஒருமுறை அவன் அந்தக் கோட்டோரம் ஓடிவிட வேண்டும். சிலுவைமுத்துவுக்கு கோல்கூட வேண்டாம்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. அன்பரசன் எதிர்ப்பக்கம் போனான். கூட்டமும் கிளம்பி எதிர்ப்பக்கக் கேலரிக்குப் போனது, பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு முனகியபடி உசேன் பாய். வாசலில் போலீஸ்காரர் மறித்தார். டிக்கெட் அந்தப் பக்கத்துக்குத்தானே, இங்கே யாருமே இல்லையே, யாருய்யா நீ என்று கேட்டார். தொண்டை ஏற்கனவே தேய்ந்து போயிருந்தது. மிச்சமிருந்த குரலில் சிலுவைமுத்து சொன்னார்:

"நான் கூட்டம் சார்."

போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். காலியாகக் கிடந்த கேலரியைப் பார்த்தார். கயிற்றைத் தூக்கிவிட்டார்.

உசேன் பாய் முன்வரிசையின் நடுவில் நான்கு நாற்காலிகளைப் பிடித்துப் படுத்தார். சிலுவைமுத்து வரிசையின் ஓரத்தில் நின்று மூக்குக் குரல் விட்டார். கிழவர் குரல் விட்டார். பெண் குரலுக்கு வாய் திறந்தபோது வெறும் காற்று வந்தது. சொந்தக் குரலைத் தேடினார். அதுவும் போயிருந்தது. காலையில் ஏலம் இருக்கிறது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வந்து, அப்படியே போய்விட்டது. ஏனென்றால் கீழே, நேர் எதிரே, கோட்டோரம், அன்பரசன் காலுக்குப் பந்து வந்திருந்தது.

பையன் பந்தை நிறுத்தினான். பின்னால் திரும்பப் போனவன், சத்தம் திடீரென்று நின்றதாலோ என்னவோ, ஒரு கணம் கேலரியை அண்ணாந்து பார்த்தான். அங்கே கூட்டம் இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடுகிற ஒரே ஒரு மனிதர்.

சிலுவைமுத்து பக்கத்திலிருந்த நாற்காலியைப் பார்த்தார். காலி. உள்ளங்கையை ஓங்கி அதன் மேல் ஒன்று போட்டார்.

காலிப் பிளாஸ்டிக். சத்தம் கூரை வரைக்கும் போய் எதிரொலித்தது. அடுத்த நாற்காலியில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இன்னொன்று. கீழே அன்பரசன் பந்தை முன்னால் தள்ளினான். தள்ளி, ஓடினான். மேலே சிலுவைமுத்து வரிசையோடு ஓடினார், ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு அடி, பையனின் வேகத்துக்கு ஈடாக, துண்டு கழுத்திலிருந்து நழுவி விழ, காசிமேடு முழுவதையும் ஏலத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி.

வரிசையின் நடுவில் உசேன் பாய் குறுக்கே படுத்திருந்தார். அந்த நான்கு நாற்காலிகளும் பேசாது. குரல் இல்லாத சிலுவைமுத்து ஓடிக்கொண்டே கையை ஆட்டினார், எழுந்திரு எழுந்திரு என்று. உசேன் பாய் கண்ணைத் திறந்தார். ஓடிவருகிற நண்பரைப் பார்த்தார், கீழே ஓடுகிற பையனைப் பார்த்தார். எழுந்தார். தலைக்கு வைத்திருந்த பையை இழுத்து எறிந்துவிட்டு, தான் படுத்திருந்த நாற்காலியில் முதல் அடியை அவரே போட்டார்.