காலி டம்ளர்

மூன்று வயதாகியும் என் மகன் பேசவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர் ஒல்லியானவர். கண்ணாடி எப்போதும் மூக்கு நுனிக்கு இறங்கியிருக்கும். பிள்ளைகள் விளையாடும்போது தரையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். எதிலும் தலையிட மாட்டார்.

ஒருநாள் அவனை அழைத்துவரப் போனேன். அழுதுகொண்டிருந்த ஒரு சிறுமியிடம் அவன் காலி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தான்.

“அதுல ஒண்ணும் இல்லடா” என்று வாங்கப் போனேன்.

“விடுங்க சார்” என்றார் டீச்சர். “இல்லாத தண்ணிய இருக்குன்னு நெனச்சுக் குடுக்கறான். அழறவங்களுக்குக் குடுக்கணும்னும் தெரிஞ்சிருக்கு. பேச்சும் வரும். டாக்டர்கிட்ட காட்டறத மட்டும் விட்டுடாதீங்க.”

சிறுமி குடிப்பதுபோல் உறிஞ்சிவிட்டுச் சிரித்தாள்.

அவனுக்குப் பேச்சு வர மேலும் ஒரு வருடம் ஆனது. அதற்குள் டீச்சர் லால்குடிக்கு மாற்றலாகிவிட்டார். டாக்டர்கள் சொல்லியும் வராத தைரியம் அவர் சொன்னதும் எப்படி வந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.