அத்தைக்கு ஒரு ரூம்பு

கல்யாணமான புதிதில் எனக்கும் என் கணவருக்கும் சொந்தமாக ஒரு மாடி வீடு இருந்தது. முன்னால் கடல், பின்னால் தோப்பு. அந்த வீட்டுக்குப் போகப் பேருந்து கிடையாது. லேப்டாப்பையோ போனையோ திறந்தால்தான் போக முடியும். நாங்கள் இருவரும் ஆடிக்கொண்டிருந்த ஓர் ஆன்லைன் விளையாட்டுக்குள் அது இருந்தது.

நிஜத்தில் நாங்கள் குடியிருந்தது புதுச்சேரியில், பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், என் மாமனார் வீட்டில். ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. அந்த ஒரே அறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அறையைத்தான் விட்டுக்கொடுத்தார்கள், அதற்குள் இருந்ததையெல்லாம் அல்ல. பீரோ, நெல் மூட்டை, சாமி படங்கள், மாமாவின் வேட்டி சட்டை எல்லாம் அங்கேதான். ஆகையால் யாருக்காவது ஏதாவது வேண்டியிருந்துகொண்டே இருக்கும். கதவைச் சாத்திக் கொஞ்ச நேரம் ஆகாது, அத்தை வந்துவிடுவார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "ஒண்ணுமில்லமா, அந்தத் தைலத்த எடுத்துக்கினு போயிட்றன்" என்பார். பாவம், தைலம் தேய்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது என்பதாலேயே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

நான் பிறந்த ஊர் பண்டசோழநல்லூர். பெண் பார்க்க வந்த அன்று, தனியாகப் பேசச் சொல்லி எங்களைத் தோட்டத்துப் பக்கம் அனுப்பினார்கள். அவர் வெகுநேரம் கொய்யா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கேம் ஆடுவீங்களா?" என்று கேட்டார். எந்த கேம் என்றேன். சொன்னார். நான் ஆடுகிற அதே கேம். எந்த லெவல் என்றேன். என்னைவிட ரொம்பக் கீழே இருந்தார். அந்த நிமிடமே எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது.

அவருக்கு வில்லியனூர் தாண்டி ஒரு கம்பெனியில் வேலை. எனக்கு வில்லியனூரில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை. சாயங்காலம் வீடு திரும்பியதும் கூடத்தில் அவர் லேப்டாப்போடும் நான் போனோடும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவோம். எதிரே அத்தை சீரியல் பார்ப்பார். மாமா பேப்பர் படிப்பார். நாங்கள் வாயைத் திறக்காமல் விளையாட்டுக்குள் டைப் செய்து பேசிக்கொள்வோம். 'சேலை நல்லாருக்கு' என்று அவர் முதன்முதலில் சொன்னதுகூட அப்படித்தான். நான் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஒன்றும் தெரியாதவர்போல ஸ்கிரீனில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

மரம் வெட்டியது வீட்டுக்காக. அந்த விளையாட்டில் மனை எல்லாருக்கும் கிடைத்துவிடாது, குலுக்கலில் பெயர் விழ வேண்டும். எங்களுக்கு விழுந்தது. அன்று அறைக்குள்ளிருந்து நான் போட்ட கத்தலில் அத்தை சீரியலை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். மனை கிடைத்த பிறகு எல்லாம் நம் பாடு. மரம் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும், கட்டிலும் நாற்காலியும் நாமே செய்ய வேண்டும், சுவருக்கும் திரைச்சீலைக்கும் சாயம் தேட வேண்டும். யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று கதவுக்கு அனுமதி வைக்கலாம். எனக்கு அந்த விளையாட்டிலேயே ரொம்பப் பிடித்த விஷயம் அதுதான். முதல் நாளே எங்கள் இருவர் பெயரை மட்டும் போட்டுக் கதவைப் பூட்டினேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

என் கணக்கில் அது மாடியில் ஒரே ஓர் அறை உள்ள வீடு. கடலைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல், ஒரு கட்டில், நீல நிறத் திரை, அவ்வளவுதான். இவர் கணக்கு வேறாக இருந்தது. நான் பள்ளியில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு நாள், கம்பெனி விடுப்பில் இருந்தவர் கீழ்த்தளத்தில் இன்னோர் அறை கட்டிவிட்டார். இது யாருக்கு என்று டைப் செய்தேன்.

'அம்மா அப்பாவுக்கு.'

'கீழ ஏன்?'

'அம்மாவால மாடி ஏற முடியாதுல்ல. மூட்டு வலி.'

கேமுக்குள் யாருக்கய்யா மூட்டு வலி? மறுநாள் அந்த அறைக் கட்டிலைத் தூக்கி மூலையில் போட்டேன். அவர் திரும்பப் பழைய இடத்தில் வைத்தார். நான் அதை எடுத்துவிட்டுப் பூந்தொட்டி வைத்தேன். அவர் பூந்தொட்டியை வெளியே வைத்துவிட்டு மாமாவுக்கு ஒரு சாய்வு நாற்காலி செய்து போட்டார். பின்பக்கம் மாட்டுக் கொட்டகை வேறு முளைத்தது. போதாததற்கு வாசலில் ஒரு நெல் மூட்டை அடுக்கு. எதைவிட்டு ஓடிப் போகலாம் என்று இந்த வீட்டுக்குள் நுழைந்தேனோ, அத்தனையையும் இந்த மனிதர் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் டைப் செய்துவிட்டேன். 'எனக்கு நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கற வூடு வேணும்.'

பதில் வந்தது. 'கேம்லயா, நெசமாவா?'

'ரெண்டுலயும்.'

அவர் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அவர் ஒரே பிள்ளை. தனிக்குடித்தனம் என்கிற சொல்லை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கேட்டால் அத்தையின் மனம் உடைந்துவிடும் என்று அவருக்குப் பயம். கேட்காவிட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று எனக்குப் பயம். வில்லியனூரில் ஒரு சின்னப் போர்ஷன், உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு, நான் கேட்டது அவ்வளவுதான். ஆனாலும் கேட்ட பிறகு, அந்த நல்ல மனுஷியிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகிறவள் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்த வாரத்தில் மாமா மாறிப்போனார். என்னோடு பேச்சு இல்லை. சோறு போட்டால் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டார். அத்தையோ நேர்மாறாக ஏதோ யோசனையில் தனக்குள் சிரித்துக்கொண்டே நடமாடினார். இரண்டுக்கும் காரணம் எங்களுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் மாமா இவரைக் கூப்பிட்டார். "டேய், இப்டி ஒக்காரு. மனை எங்கடா வாங்கன? நல்லவாடு பக்கமா, பூரணாங்குப்பம் பக்கமா?"

இவர் விழித்தார். "இன்னா மனைப்பா?"

"மறைக்காத. நீ தோட்டத்துல நின்னுக்கினு போன்ல பேசனத மாட்டுக் கொட்டாயிலேர்ந்து கேட்டுக்கினுதான் இருந்தன். மனையிலேர்ந்து கடலு தெரியுதாமே. மாடியும் போட்டாச்சாமே." அதற்குப் பிறகு குரல் இறங்கிவிட்டது. "எங்க ரெண்டு பேர் ரூம்ப எடுத்துடச் சொல்லி ஒம் பொண்டாட்டி சொல்றாளாமே."

கூட விளையாடும் நண்பரிடம் இவர் போனில் புலம்பியிருக்கிறார். இவருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. ஓடிப்போய் லேப்டாப்பை எடுத்துவந்து கூடத்தில் வைத்துத் திறந்தார். "அப்பா, இதாம்பா மனை. இது கேம்பா. நெசமில்ல."

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். எங்கள் வீடு வெயிலில் பளபளத்தது. இவர் கதவைத் திறந்து உள்ளே போனார், படியேறினார், ஜன்னலைக் காட்டினார். மாமாவின் முகத்தில் உயிர் வந்தது. "அட, பொம்ம வூடா! இதுக்காடா நான் சோறு தண்ணி எறங்காம கெடந்தன்!" என்றார். நிம்மதி வந்த கையோடு குறை சொல்லவும் தொடங்கிவிட்டார். "படிக்கட்ட ஈசானி மூலையில எவன்டா வெக்கச் சொன்னான்? நேரா தெரு வந்து வாசல்ல முட்டுது பாரு. தெருக்குத்துடா இது. ஒரு புள்ளையாராவது வெச்சியா?"

"புள்ளையார் கெடைக்கலப்பா. ஒரு யானை சிலை இருக்குது."

"அதையாவது வெச்சித் தொல."

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் முகம் வாடிப்போயிருந்தது. "அப்ப நெசமா வாங்கலியாடா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"ச்சே," என்றார் அத்தை. "நான்கூட சந்தோசமா இருந்தன்."

மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் எங்களைக் கண்டுகொள்ளாமல் ஸ்கிரீனில் இருந்த கீழ் அறையைக் காட்டி, அது யாருடையது என்று கேட்டார். உனக்கும் அப்பாவுக்கும்தான் என்று இவர் பெருமையாகச் சொன்னார்.

"எடுத்துடு. அங்கயும் வந்து நான் சோறாக்கணுமா?"

"இன்னாடி பேசற?" என்றார் மாமா.

"நீ சும்மா இருய்யா." அத்தை என் பக்கம் திரும்பினார். "இங்க பாருமா. நான் வாக்கப்பட்டு வந்தப்ப இந்த வூட்ல காலு வெக்க எடம் இல்ல. மாமியாரு, மாமனாரு, கொழுந்தனுங்க, நாத்தனாருங்க. ஒருத்தர் ஒருத்தரா போயி முடியறதுக்குள்ள இவன் பொறந்துட்டான். சரி, இவனுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணிட்டா, அப்பறமாவது நானும் ஒங்க மாமாவும் அக்கடான்னு இருக்கலாம்னு பாத்தன். நீங்க இன்னாடான்னா, பொழுது சாஞ்சா கூடத்துல வந்து ஒக்காந்துக்கினு எழுந்திருக்கவே மாட்டன்றீங்க. ஒங்களப் போன்னு நான் எப்டி சொல்றது? மருமவளத் தொரத்திட்டான்னு ஊரு சொல்லும்."

நான் அழுதுவிட்டேன். அத்தை பதறிப்போய், "போவப் புடிக்கலன்னா இரு கண்ணு" என்றார். நான் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்லல்ல, போறோம் அத்தை" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மாமாவும் சிரித்துவிட்டார்.

அடுத்த மாதம் வில்லியனூரில் ஒரு போர்ஷன் கிடைத்தது. பால் காய்ச்சினோம். அத்தையும் மாமாவும் காலையில் வந்து, பொங்கல் சாப்பிட்டுவிட்டு மதியத்துக்குள் கிளம்பிவிட்டார்கள். இருந்துவிட்டுப் போகலாமே என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். யாரும் தைலம் கேட்டு வரவில்லை. அந்த நிம்மதி உண்மையிலேயே நன்றாக இருந்தது.

ஆனாலும் நாலைந்து வாரம் போனதும் எனக்கு உறுத்தத் தொடங்கியது. நாங்கள் இல்லாமல் அவர்கள் எப்படி இருக்கிறார்களோ, வாயளவில் போகச் சொன்னாலும் மனசுக்குள் ஏங்குவார்களோ. இவரும் அதே நினைப்பில்தான் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்போம், சந்தோஷப்படுவார்கள் என்று பழமும் இனிப்பும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பாண்டிக்குப் படம் பாக்கப் போயிருக்காங்கமா. இப்பல்லாம் ஞாயித்துக்கெழமன்னா வூட்லயே இருக்கறதில்ல."

வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். பூவன் பழம் வெயிலில் கறுத்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று மட்டும் தெரியவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு மாமாவின் வண்டி வந்து நின்றது. பின்னாலிருந்து அத்தை இறங்கினார். தலை நிறைய பூ, கையில் பிரியாணிப் பை. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"வரத்துக்கு முன்னாடி ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்றார். "ரெண்டு பேருக்குத்தான வாங்கியாந்தோம்."