ரிப்பன் கட்டாத தாப்பிர்

கடந்த சனிக்கிழமை என் தாப்பிர் கையும் களவுமாக மாட்டிக்கொண்டது.

இப்பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும் — குருபோங்கில், ஒரு கடைவீட்டு மாடியில், சிறுவர் தொலைக்காட்சிக்காகப் பொம்மை நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்கிறோம். கதை எழுதுவது நான். பன்றியைப் போல் சேற்றில் புரளும் காட்டு விலங்கு தாப்பிர்; பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான அந்தப் பொம்மைக்குக் கையும் குரலும் தருவதும் நான். அதன் பெயர் டோடோல்.

பல்கலைக்கழக விரிவுரைகளில் வாய் திறக்காதவள் நான். ஆனால் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, டோடோலுக்குள் கையை நுழைத்துவிட்டால் போதும்... ஆற்றைத் தாண்டுவேன், முதலையிடம் வம்பு வளர்ப்பேன். பஞ்சுக்குள் இருக்கும் அந்த வெதுவெதுப்பான இருட்டில் என் விரல்கள் வேறு யாருடையவோ ஆகிவிடும்.

அக்காள் மகள் யாழினிக்கு ஏழு வயது. ஜாசினில் படிக்கிறாள். அவள் வகுப்பு, சிறுவர் விழாவில் எங்கள் கதையைத்தான் நடிக்கப்போகிறது. அன்று காலை, அழுது வீங்கிய முகத்தோடு வந்து நின்றாள்.

“நான் டோடோல் கேட்டேன் சித்தி. எங்க கிளாஸ் தினேஷ் சொல்றான், டோடோல் பையன்லா, நீ பட்டாம்பூச்சியா நில்லுன்னு. டீச்சரும் அதான் சரின்னுட்டாங்க.”

எங்களிடம் ஐந்து பொம்மைகள். தாப்பிர், முதலை, யானை, இருவாச்சி — நால்வரும் பையன்கள். பட்டாம்பூச்சி மட்டும் பெண். நீண்ட இமைகள், இளஞ்சிவப்பு ரிப்பன். வசனம்? ‘பார்த்துப் போங்க.’ எல்லா வாரமும் அதே வசனம்தான். அதை எழுதியவர் யார்? பெண் கதைமாந்தர்கள் குறித்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் நானேதான்.

பஞ்சுக்கும் துணிக்கும் ஏது ஆண், பெண்? ஆயினும், இரண்டு கண்களைத் தைத்தவுடன் அதைப் பையன் என்று எடுத்துக்கொள்கிறோம். இமையும் தைத்தால்தான் பெண்.

“டோடோலையே நேர்ல கேக்கணும்,” என்றாள் யாழினி. அழைத்துப் போனேன்.

பதிவின் நடுவே மேசைத் துணியை விலக்கி எட்டிப் பார்த்தாள். பொம்மைக்குள் என் கை; வாயில் பையன் குரல். என் கையையும் டோடோலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கனவைக் கலைத்துவிட்டேனோ என்று அஞ்சினேன்.

“அப்ப டோடோல் பொண்ணுதான்,” என்றாள் மெதுவாக. “யாருக்கும் தெரியாம உள்ள இருந்திருக்கா.”

இயக்குநர் செல்வம் அண்ணன் சிரித்தார். “நல்ல ஐடியாலா. பொண்ணாவே வச்சிருவோம். ஆனா பாக்குறவங்களுக்குத் தெரியணுமே... ஒரு ரிப்பன் கட்டிடலாமா?”

“சேத்துல பொரள்றதுக்கு ரிப்பன் எதுக்கு அங்கிள்?”

ரிப்பன் பேச்சை விட்டு, அண்ணன் கேமராவுக்குத் திரும்பினார். அடுத்த டேக்கில் என் சொந்தக் குரலில் பேசினேன். “டீச்சர், நான் பொண்ணுதான்.” டோடோலின் நீண்ட மூக்கு எப்போதும் போலவே ஆடியது. அண்ணன் அதைக் கைப்பேசியில் எடுத்து என் அக்காளுக்கு அனுப்பினார். அக்காள் டீச்சருக்கு அனுப்பினார். திங்கட்கிழமை யாழினி டோடோல் ஆனாள்.

அத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன். நேற்று மாலை தொலைபேசியில் அழைத்தாள்.

“சித்தி, பட்டாம்பூச்சிக்கு ஆள் கிடைக்கல. யாருக்குமே வேணாமாம்.”

“ஏன்மா?”

“அது ஒன்னுமே செய்யாதுல்ல.”

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, அதனால்தான் வலித்தது. இம்முறை மேசைக்கு அடியில் அல்ல, நாற்காலியில் அமர்ந்து, புதிய காட்சி ஒன்றை எழுதத் தொடங்கிவிட்டேன். சிறகு நனைய நனைய ஆற்றைக் கடக்கிறாள் பட்டாம்பூச்சி.

‘பார்த்துப் போங்க’ — இனி அது முதலையின் வசனம்.