எண்ணெய் போட்ட கதவு

படார்!

பின்னறையிலிருந்து வந்த சத்தத்தில் என் காப்பிக் கோப்பை தட்டோடு சேர்ந்து ஆடியது. பிறகு நான் காப்பிக்கு வந்திருந்த வீட்டுக்காரர் டெல்பர்ட் ஹாஸ்கின்ஸின் குரல், தனக்குத்தானே: "சே! இவ புருஷனோட கோவிச்சுக்கிட்டுப் போறவ இல்ல. கொலை பண்ணப் போறவ."

மறுபடி ஒரு கதவு. இந்த முறை பஞ்சுபோல. "இவ தூங்கப் போறவ."

ஞாயிறு மதியங்களில் ஹாலிவுட்டின் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ரேடியோ பாடும். டெல்பர்ட் வீட்டில் கதவுகள் சாத்திக்கொள்ளும். படங்களுக்குச் சத்தம் சேர்ப்பது அவருக்கு ஸ்டுடியோவில் வேலை. மழையும் குதிரையும் ரயிலும் மற்றவர்கள் பாடு. கதவு என்றால் டெல்பர்ட்தான். கணவனும் மனைவியும் சண்டை போட்டு, விவாகரத்து வாங்கக் கிளம்பி, கடைசி ரீலில் கட்டிப்பிடித்துக்கொள்ளும் சிரிப்புப் படங்கள்தான் இப்போது ஊரெங்கும் ஓடுகின்றன. அந்தப் படங்களில் பாதி பேச்சு, மீதி கதவு. ஆகவே டெல்பர்ட்டுக்கு ஓய்வில்லை. இடிக்கிற வீடுகளுக்குப் போய்க் கதவுகளை நிலையோடு வாங்கிவந்து பின்னறையில் நிறுத்தியிருக்கிறார். இரண்டு பக்கமும் சுவர் இல்லாமல், எங்கும் போகாத கதவுகளாக அவை நிற்கின்றன.

பெரிய உடம்பு, பூனை நடை. எங்கே போனாலும் அவர் முதலில் கைகுலுக்குவது கதவின் கைப்பிடியோடுதான். ஒரு பாங்கில் வாசற்கதவைத் திறப்பதும் மூடுவதும் காதைச் சாய்ப்பதுமாக நின்றவரைக் காவலாளி தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டான். "அருமையான கதவு, பாவம், அவனுக்கு அது தெரியல" என்று அவர் என்னிடம் அங்கலாய்த்தார். ஹோட்டலில் சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசைதான் வேண்டும். பத்திரிகைகளில் வரும் என் தொடர்கதைகளைப் படிப்பார். படித்துவிட்டு வம்புக்கு வருவார். "ஏன் எழுத்தாளரம்மா, உங்க கதையில எல்லாரும் கதவை அறைஞ்சுட்டேதான் போறாங்க. கீல் என்னத்துக்கு ஆகும்? காதைக் கழுவிட்டு எழுதுங்க."

அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு கதவுக்கும் குரல் கிடையாது. "நாள் முழுக்கக் கதவு. வீட்டுலயுமா?" என்று எல்லாக் கீல்களுக்கும் எண்ணெய் விட்டு, தாழ்ப்பாளுக்கு மசகு தடவி, ஊமையாக்கி வைத்திருந்தார். அவருடைய ஒவ்வொரு கோட்டிலும் வலது பை எண்ணெய்க் கறைபட்டது. சின்ன எண்ணெய்க்குப்பி அங்கேதான் குடியிருக்கும்.

அந்த எண்ணெய்தான் அவர் குடும்பத்தைக் கவிழ்த்தது. ஒருநாள் சாயங்காலம் அவர் பின்னறையில் கதவுகளை அறைந்துகொண்டிருந்தபோது, மனைவி வெர்னா பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் வழியாகப் போய்விட்டாள். அவருக்குத் தெரியவில்லை. குளித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, மேசையில் இரண்டு தட்டு வைத்து, சூப் ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தார். "அவ போற சத்தமே எனக்குக் கேக்கலீங்க ஐயா" என்று அவர் நீதிபதியிடம் சொன்னபோது கோர்ட்டே சிரித்ததாம். நான் சிரிக்கவில்லை. அன்றிரவு என் தலையணை நனைந்தது.

எங்கள் கலிபோர்னியாவில் நீதிபதி முதலில் கொடுப்பது பாதி விவாகரத்துதான். பிறகு ஓராண்டு பொறுத்திருக்க வேண்டும். அதற்குப் பின் இருவரில் ஒருவர் போய்க் கேட்டால் மீதிப் பாதியும் கிடைக்கும். அத்தோடு உறவு அறுந்தது. கேட்காமல் இருந்துவிட்டால் அவர்கள் இன்னும் கணவன் மனைவிதான். டெல்பர்ட்டுக்கு அந்த ஓராண்டு வருகிற வெள்ளிக்கிழமை முடிகிறது. அதைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. கதவைத்தான் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"டெல் இன்னும் எண்ணெய் விடறத நிறுத்தல போல."

திடுக்கிட்டுத் திரும்பினேன். சமையலறை வாசலில் வெர்னா நின்றாள். தொப்பி, சாம்பல் நிறக் கையுறைகள், நிமிர்ந்த முதுகு. பெரிய கடையொன்றில் கையுறை விற்கிறாள் இப்போது.

"பாருங்க, வாசக் கதவைத் திறந்து உள்ளயே வந்துட்டேன். யாருக்கும் தெரியல. திருடனுக்குன்னே கட்டின வீடு." பிறகு குரலை உயர்த்தினாள். "டெல்!"

பின்னறையில் சத்தம் நின்றது. டெல்பர்ட் கைகளைச் சட்டையில் துடைத்தபடி வந்தார்.

"வெர்னாவா? காப்பி குடிக்கிறியா?"

"உக்கார வரல. வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் போறேன். நீ வர வேணாம். போன தடவ சொல்லாமப் போயிட்டேன்னு ஊரே கேக்கச் சொன்னியே, அதான் இந்த வாட்டி சொல்லிட்டுப் போலாம்னு."

நான் எழுந்தேன். "நீங்க உக்காருங்க!" என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.

டெல்பர்ட் அவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அழுவார், காலில் விழுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது:

"ஒரு கதவு சரியா வரமாட்டேங்குது, வெர்னா."

"உனக்கு எப்பவும் கதவுதான்."

"கடைசி சீன். அவ வீட்டை விட்டுப் போறா. காமெராவுல புருஷன் மூஞ்சி மட்டுந்தான். அவ நிஜமாப் போகலன்னு அவனுக்குக் கதவுச் சத்தத்துலயே தெரியணும். எப்படிச் சாத்தினாலும் டைரக்டர் வேணாங்கறாரு."

"போகலன்னா எதுக்குச் சாத்தறா?" என்று கேட்டுக்கொண்டே வெர்னா பின்னறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அந்த நிலைமையில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. டெல்பர்ட் ஒரு வெள்ளைக் கதவைச் சாத்திக் காட்டினார். அவள் உதட்டைச் சுழித்தாள்.

"இப்படி யாருமே சாத்தமாட்டாங்க. தள்ளு."

வலது கையுறையைக் கழற்றினாள். கைப்பிடியைத் திருகியபடியே கதவுக்கு அந்தப் பக்கம் போனாள். சுவர் இல்லாத கதவாகையால் அவள் தோளும் தொப்பியும் ஓரத்தில் தெரிந்தன. மரம் நிலையில் மெல்ல ஒட்டியது. தாழ் விழவில்லை. கைப்பிடியை விடாமல், நெற்றி கதவில் படும்படி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர, தாழ் உள்ளே இறங்கியது. டிக்.

டெல்பர்ட் கண்ணை மூடியிருந்தார்.

"இவ போகல," என்றார் மெதுவாக. "நிக்கறா."

"ஆமா. கூப்பிடுவானான்னு நிக்கறா," கதவுக்குப் பின்னாலிருந்து வெர்னாவின் குரல் வந்தது.

"எவ்ளோ நேரம் நிப்பா?"

"பெட்டி தூக்கின கை மரத்துப் போற வரைக்கும்."

டெல்பர்ட் கண்ணைத் திறந்தார்.

"இந்தப் படத்துல அவ கையில பெட்டி கிடையாதே, வெர்னா."

எங்கும் போகாத அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். அவள் அன்று சத்தமில்லாமல் போனாள் என்றுதான் இத்தனை நாளும் தெரு முழுவதும் நம்பியிருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெர்னா சொன்னாள்: "நீதான் எண்ணெய் ஊத்தி வெச்சிருந்தியே. அன்னைக்கு வாசத் தாழ் விழுந்தது எனக்கே கேக்கல."

இனி அங்கே இருப்பது பாவம். என் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஆனால் டெல்பர்ட் என்னைத் தாண்டி முன்னே ஓடினார், கையில் சுத்தியலோடு. வாசற்கதவின் கீலிலிருந்து ஆணியைத் தட்டி எடுத்தார். எண்ணெயைச் சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தார். கதவுக்குக் குரல் வரவழைக்க வைத்திருக்கும், வயலின் வில்லில் தேய்க்கிற பிசின் கட்டியை அதில் வறட் வறட்டென்று தேய்த்து, ஆணியைத் திரும்ப அடித்து இறக்கினார். அடுத்த கீல். அதற்கடுத்தது.

"விருந்தாளி வாசல்ல நிக்கறாங்க. அத இப்பவா பண்ணணும்?" என்றாள் வெர்னா.

"இப்பவேதான்." அவர் திரும்பவில்லை. "வெள்ளிக்கிழமை போறதுன்னா போ, வெர்னா. தடுக்கமாட்டேன். ஆனா இந்தத் தடவ எனக்குக் கேக்கணும்."

எண்ணெய்க்குப்பியை வாசலில் மாட்டியிருந்த கோட்டின் பையிலிருந்து எடுத்து என் கையில் திணித்தார். "உங்க வீட்டுக்கு வெச்சுக்குங்க, எழுத்தாளரம்மா."

நான் படியில் கால் வைத்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். வெர்னா இடது கையுறையையும் கழற்றி, இரண்டையும் தொப்பிக்குள் போட்டு மேசையில் வைத்தாள். வாசலுக்கு வந்து, உள்ளே நின்றபடி எனக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள். கதவு தெருக்கோடி வரைக்கும் கேட்கக் கிறீச்சிட்டது.