நாலும் சிவப்பு

புதுப் பெட்டியைப் பிரித்தபோது வந்த வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. சாமான் உடையாமல் பொதியும் வெள்ளை ரிஜிபோமின் மருந்து மணமும், அதன் இடுக்குகளில் உம்மா சொருகி அனுப்பியிருந்த சவர்க்காரக் கட்டிகளின் மணமும் கலந்த அந்த வாசம் எங்கள் பதுளைக் கடைத்தெருவில் எங்குமே கிடைக்காது என்பதால், அதற்கு "வெளிநாட்டு வாசம்" என்றே பெயர் வைத்திருந்தோம். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது. உம்மா குவைத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய் ஒரு வருடம் முடிந்து, இன்னும் ஒரு வருடம் மீதம் இருந்தது. கடையொன்றின் பின்னால் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்த நாங்கள் சொந்தமாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்றுதான் அவர் போனார். இரண்டு வருடத்தையும் முழுதாக முடித்து வந்தால் வீடு, இடையில் வந்தால் இல்லை என்பது எனக்கு வாய்ப்பாடு போல மனப்பாடம்.

அப்போதெல்லாம் வெளிநாட்டில் இருப்பவர்கள் கடிதத்துக்குப் பதில் கசெட்டில் பேசி அனுப்புவார்கள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கசெட். உம்மா பேசி அனுப்புவார். நாங்கள் பக்கத்துத் தையற்கடையின் சின்ன ரெக்கோடரில் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே எங்கள் பதிலைப் பதிந்து அனுப்புவோம். அது மறுபடி உம்மாவின் சத்தத்தோடு வரும். ஒருவர் பேச்சை ஒருவர் அழித்துக்கொண்டுதான் பேசினோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

நாங்கள் தையற்கடையில் போய் நிற்பது உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அப்படித்தான் கசெட் போடவும் பதியவும் இரண்டு ஸ்பீக்கர்களோடு அந்த "செட்" வந்தது. குவைத்திலிருந்து ஊருக்குத் திரும்பிய அப்புத்தளைக்காரர் ஒருவர் கொண்டுவந்திருந்தார். வாப்பா ரயிலில் போய் வாங்கி, திரும்பும் வழியெல்லாம் மடியில் வைத்தபடியே வந்து சேர்ந்தார். வந்து பார்த்தால் ஸ்பீக்கர்களை இணைக்கும் வயர்கள் மட்டும் இல்லை. வழியில் எங்கோ தொலைந்துவிட்டன.

வாப்பாவும் நானும் தாசன் அண்ணனின் ரேடியோ சாமான் கடைக்குப் போனோம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து டவுனில் கடை போட்டவர் அவர். வெள்ளை இரட்டை வயரை அளந்து வெட்டிவிட்டு, நுனியில் மாட்டும் பின்களை ஒரு தகர டப்பாவிலிருந்து கண்ணாடி மேசையில் கொட்டினார். வாப்பாவுக்குத் துணிக்கடையில் விற்பனை வேலை. சட்டைத் துணிக்குப் பொத்தான் பொருத்துகிறவர் போல ஒவ்வொரு பின்னையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு செவப்பு, ரெண்டு கறுப்பு எடுத்துக்கங்க நானா. மாத்தி மாட்டிராம இருக்கும்," என்றார் தாசன் அண்ணன்.

"கறுப்பு வேணாம் தாசன். புள்ளட உம்மா பேசப்போற சாமான். நாலையும் செவப்பாவே தாங்க."

"இல்லைங்க நானா..."

"மாத்தி மாட்டினா பாடாதா?"

"பாடும். ஆனா..." என்று அவர் தொடங்கியபோது வேறொருவர் உடைந்த ரேடியோவோடு உள்ளே வர, பேச்சு அத்தோடு நின்றது. வாப்பா நான்கு சிவப்புப் பின்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

அந்த "ஆனா"வுக்குப் பின்னால் இருந்ததை வளர்ந்த பிறகுதான் முழுதாக விளங்கிக்கொண்டேன். இரண்டு ஸ்பீக்கர்களும் ஒன்றாக மூச்சு விட வேண்டுமாம். ஒன்றில் வயர் மாறிவிட்டால், இது மூச்சு விடும்போது அது இழுக்கும். சத்தத்தில் கனமாக உள்ளதெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிட, மெல்லியது மட்டும் மிஞ்சும். எங்கள் வயர் இரண்டும் வெள்ளை, பின் நான்கும் சிவப்பு. வாப்பா பிஸ்மி சொல்லி மாட்டியதில் ஒன்று மாறிப்போனது. கூட வந்த அரபுப் பாட்டுக் கசெட்டைப் போட்டால் பாடத்தான் செய்தது. கொஞ்சம் ஒல்லியாகப் பாடியதை, வெளிநாட்டுப் பாட்டு அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டோம்.

அடுத்த வாரம் உம்மாவின் கசெட் வந்தது. மஃரிப் தொழுதுவிட்டு வந்து வாப்பா அதைப் போட்டார். "நான் நல்லா இருக்கேன், யோசிக்க வேணாம்," என்று உம்மா சொன்னார். நல்லா இருக்கிறவரின் சத்தம் இல்லை அது. எலும்பும் தோலுமாக, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல வந்தது. வாப்பா இரண்டாம் தடவை போட்டார். மூன்றாம் தடவை பக்கத்துத் தெருவிலிருந்து மாமியைக் கூட்டிவந்து போட்டார்.

"சத்தத்துல சதையே இல்லையே," என்றார் வாப்பா.

"தின்னக் குடுக்குறாங்களோ என்னமோ," என்று மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அன்றிலிருந்து வாப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், "வீடும் வேணாம் ஒண்ணும் வேணாம். உம்மாவ வரச்சொல்லி இன்டைக்குப் பேசி அனுப்பப் போறேன்," என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் தனியாக இருந்தேன். செட்டின் பின்பக்கம் தூசி துடைப்பதற்காகப் பின்களைக் கழற்றினேன். திரும்ப மாட்டும்போது எது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. எல்லாம்தான் ஒரே சிவப்பாயிற்றே. தோன்றியபடி மாட்டிவிட்டு, சரிதானா என்று பார்க்க உம்மாவின் கசெட்டைப் போட்டேன்.

"மகள், தலைக்கு எண்ணெய் வைக்கிறியா?"

திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். உம்மா அறைக்குள்ளே நின்று கேட்டது போல இருந்தது. தொண்டை நிறைந்த, கொஞ்சம் அதட்டலான, என் உம்மாவின் சொந்தச் சத்தம். உம்மாவுக்கு ஒரு நோயும் இல்லை. எனக்கு வந்த சந்தோசத்தில் செட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். வாப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்லத்தான் வாசல்வரை போனேன். அங்கே என் கால் நின்றுவிட்டது. வாப்பா இதைக் கேட்டால் உம்மாவை வரச்சொல்ல மாட்டார். இன்னும் ஒரு வருடம்.

திரும்பி வந்து, ஒரு பக்கத்துப் பின்களைக் கழற்றி மாற்றி மாட்டினேன். போட்டுப் பார்த்தேன். உம்மா மறுபடி மெலிந்துபோனார்.

அன்று மாலை வாப்பா அந்தக் கசெட்டின் மேலேயே அழுதபடி பேசிப் பதிந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மட்டும் ஒரேயொரு முறை கேட்ட அந்த நிறைந்த சத்தம் அங்குலம் அங்குலமாக அழிந்தது.

மூன்று மாதம் கழித்துப் பதுளை ஸ்டேஷனில் உம்மா இறங்கினார், போனதைவிட இரண்டு சுற்றுப் பருத்து. வாப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு ஒண்ணுமில்லையா?" என்று கேட்டதற்கு, "எனக்கென்ன? நீங்க அழுததக் கேட்டு உங்களுக்குத்தான் என்னமோன்னு வேலைய விட்டுட்டு ஓடிவந்தேன்," என்றார் உம்மா. ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன்பே நான் பின்களைச் சரியாக மாட்டிவிட்டிருந்தேன். அன்று செட் நன்றாகப் பாடியதைக் கேட்டு, "உம்மா வந்த சந்தோசம் இதுக்கும்," என்று வாப்பா சிரித்தார். கடைத்தெருவில் அவரை "மனுசியப் பார்க்காமக் காது கெட்ட நானா" என்று வெகுநாள் கேலி செய்தார்கள். அதற்கும் சிரித்தார். வீடு கடைசிவரை கட்டவே இல்லை. சில வருடங்களுக்கு முன் அந்த இரண்டு அறைகளில் ஒன்றில்தான் வாப்பா மௌத்தானார்.

இப்போது கசெட் இல்லை, தாசன் அண்ணனின் கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். எழுபது தாண்டிய உம்மா பண்டாரவளையில் என்னோடு இருக்கிறார். போன மாதம் என் மகள் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்றை மேசையில் வைத்துப் பாடவிட்டபோது, "வயரே இல்லாமயா?" என்று உம்மா அதைத் தூக்கி அடியில் பார்த்தார். ஏனோ எனக்கு அப்போது அடக்க முடியவில்லை. நாற்பது வருடமாக வயிற்றுக்குள் வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். உங்கள் வீட்டைக் கெடுத்தது நான்தான் உம்மா, என்றேன். திட்டுவார், அல்லது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

உம்மா என் தலையைத் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"வாப்பா இருக்கக்குள்ள சொல்லியிருக்கலாமே புள்ள. 'ஒன்ட வீட்ட நான் இல்லாமப் பண்ணிட்டேன்'னு கடைசி நாள்ல கூட அவர் என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு."