ஓடாத ஜீப்பும் ஒரு விண்ணப்பமும்

கொரோனா ஊரடங்கில் எங்கள் ஜீப்பு நின்றுபோனது. நான் போடியிலிருந்து மலையேறி ஏலத்தோட்டத்தில் மூட்டை தூக்குகிறவன். கேரள எல்லையில், போடிமெட்டில் மறித்துவிட்டார்கள். வீட்டில் முடங்கினேன். “ஆண்டவரே, ஜீப்பை ஓட வையும்.” தினமும் இதே ஜெபம். ஓடவில்லை. மனம் விட்டுப்போனது.

அப்போது மகள் எஸ்தர் கைக்குழந்தையோடு என் வீட்டில் இருந்தாள். பயிர் நோய்களை ஆராய்கிற விஞ்ஞானி. மருமகனுக்கு வெளியூரில் ஆஸ்பத்திரி வேலை. வர முடியவில்லை. என் மனைவி காலமாகி ஆறு வருடம். பிள்ளை பகலெல்லாம் அழும்.

ஒருநாள் அடுப்படியில் இடுப்பில் பிள்ளையோடு நின்று மகள் சொன்னாள்.

“விண்ணப்பம் எழுத முடியலப்பா. இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு.”

எனக்கு விண்ணப்பம் என்றால் ஜெபம்தான். சபையில் அப்படித்தானே சொல்கிறோம்.

“அதுக்கு எதுக்கு ஆத்தா எழுதணும்? முழங்கால் போட்டாப் போதுமே.”

சிரித்தாள். அப்புறம் அழுதாள். ஆராய்ச்சிக்கு உதவி கேட்டு அரசாங்கத்துக்கு எழுதுகிற விண்ணப்பமாம். ஏலச்செடியின் அழுகல் நோய்க்கு மருந்து தேடுகிற ஆராய்ச்சி. இந்த முறை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அதோடு முடிந்தது.

அன்று முழங்கால் போட்டேன். ஜீப்பைக் கேட்கவில்லை. “என் மகள் எழுதி முடிக்க வழி காட்டும்” என்றேன். ஆமென் சொல்லுமுன் பேத்தி வீறிட்டாள். கண்ணைத் திறந்தேன். குவித்தபடி என் இரண்டு கையும் முன்னால் இருந்தன. அந்த வீட்டில் சும்மா இருந்த கை அதுதான். ஜீப்பு ஓடியிருந்தால் அதுவும் மலையில் இருந்திருக்கும்.

நான் பெற்ற பிள்ளையையே தூக்கி வளர்த்ததில்லை. எழுந்து போனேன்.

“கொண்டா பிள்ளைய. நீ ஒன் சோலியப் பாரு.”

“மூட்டை மாதிரி தூக்காதீங்கப்பா!”

“மூட்டைய எறக்கி வச்சா சும்மா கெடக்கும். இவ கத்துறாளே.”

ஏலக்காய் சலிப்பதுபோல் மெல்ல ஆட்டினேன். தோளில் தூங்கிப்போனாள். ஒன்பது நாளும் அப்படியே. கடைசி நாள் மகள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள்.

சில மாதம் கழித்து, உதவி கிடைத்துவிட்டது என்று தகவல் வந்தது. ஸ்தோத்திரம் சொன்னேன். மகள் அந்தத் தகவலையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

“என்ன ஆத்தா?”

“இந்தத் தடவ விண்ணப்பம் போட்ட பொம்பளைங்க பேரு கொறஞ்சு போச்சாம்ப்பா. அதுலயும் கைப்பிள்ளைக்காரிங்க. தோத்துப் போகல. எழுதவே இல்ல. என்கூடப் படிச்ச நாலு பேரும் எழுதல.”

அவர்களுக்காகவும் யாராவது ஜெபித்திருப்பார்கள். இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கத்தான் ஆளில்லை. அந்த நாலு பேரை இன்னும் நினைக்கிறேன்.

இப்போது ஜீப்பு ஓடுகிறது. சனிக்கிழமை மட்டும் நான் ஏறுவதில்லை. எங்கள் தெருவில் பரீட்சைக்குப் படிக்கிற இரண்டு தாய்மார் அன்று பிள்ளைகளை என்னிடம் விடுகிறார்கள்.

சபையாரே, கேட்டது நடக்கவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள். அவரை நம்பிக் கேளுங்கள். ஆமென் சொன்னதும் உங்கள் கையை ஒருமுறை பாருங்கள்.