மாஸ்டரின் மூக்கு

நாங்கள் செய்த ஆய்வு ஒருவழியாக அச்சில் வந்துவிட்டது. மூக்குக்குள் சதை வளர்ந்து, சைனஸ் அடைத்து, வாசனை தெரியாமல் போனவர்களுக்கு ஒரு சொட்டு மருந்து எவ்வளவு உதவுகிறது என்று பார்த்த ஆய்வு. கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்கிற இடத்தில் என் பெயரும் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், அந்தப் பக்கத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட வேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார். எனக்கோ கண் வேறொரு வரியில் போய் நின்றுவிட்டது. 'இருவர் இடையில் நீக்கப்பட்டனர்' என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம். காரணம் எதுவும் எழுதவில்லை.

அந்த இருவரில் ஒருவர் பேக்கரி மாஸ்டர். இன்னொருவர் அவர் மைத்துனர்.

ஆய்வுக்கென்று எங்களுக்கு ஒதுக்கிய அறை மருத்துவமனையின் பின்கட்டில், துணி வெளுக்கும் கூடத்தை ஒட்டி இருந்தது. ஒரு மேசை, ஆடாத நாற்காலி இரண்டு, ஆடுகிற நாற்காலி ஒன்று, மருந்து வைக்கப் பூட்டுப் போட்ட சின்ன ஃபிரிட்ஜ். ஜன்னலைத் திறந்தால் ஈரத்துணியின் ஆவி உள்ளே வரும். ஆடுகிற நாற்காலி எனக்கு. இப்போது அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள், கார்கள் நிற்கின்றன. அந்தப் பக்கம் போனால் என்னையறியாமல் நடை தளர்கிறது. படித்து முடித்து, ஆய்வு உதவியாளனாகச் செய்த முதல் வேலை. அதில் கிடைத்த முதல் ஆட்கள். அவர்களை எப்படி மறக்க முடியும்?

மாஸ்டர் முதன்முதலில் வந்தபோது வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கைவரை உருண்டு திரண்ட கை. புருவத்திலும் காது மடலிலும் மைதா. வாயைத் திறந்து வைத்துத்தான் மூச்சு விட்டார். பேசினால் 'ம'வும் 'ந'வும் அடைபட்டு, பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் வரும்.

"வாசனை தெரியாம எவ்வளவு நாளா இருக்குண்ணே?" என்று கேட்டேன்.

"அது சொல்லிட்டாப் போச்சு? வாடகைக்கு இருந்தவன் ராவோட ராவா காலி பண்ணின மாதிரி போயிருச்சு தம்பி. போனதே எனக்குத் தெரியாது."

உண்மையிலேயே தெரியவில்லை. மாவில்தான் வாசனை இல்லை என்று நினைத்து மாவு வியாபாரியிடம் சண்டை போட்டிருக்கிறார். வியாபாரியையே மாற்றியிருக்கிறார். புது வியாபாரியோடும் சண்டை. கடைசியில் ஒருநாள் வீட்டில் கேஸ் கசிந்துகொண்டிருக்க, இவர் பாட்டுக்குத் தீப்பெட்டியைத் தேடியிருக்கிறார். மனைவி ஓடிவந்து கையைத் தட்டிவிட்டபோதுதான் குறை மாவில் இல்லை, மூக்கில் என்று புரிந்திருக்கிறது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த மூக்கை வைத்துத்தான் அவர் மாஸ்டர் ஆனார். மீசை அரும்பும் வயதில் ரொட்டித் தட்டுக் கழுவச் சேர்ந்து, பிசைய வந்து, அடுப்புக்கு உயர்ந்தவர். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரோடாவது கதை பேசிக்கொண்டிருப்பாராம். நடுவில் நிறுத்தி, "எடு" என்பாராம். எடுத்தால் ரொட்டி சரியான பதத்தில் பொன்னிறமாக இருக்குமாம். மூக்கு போன பிறகு ஒரு வாரத்தில் மூன்று அடுப்பு ரொட்டி கருகியது. முதலாளி ஒரு மணிக்கருவி வாங்கி மாட்டினார். அது 'டிங்' என்று அடிக்கும்போதெல்லாம் மாஸ்டருக்கு யாரோ தலையில் குட்டியது போலிருக்கும்.

"முதலாளி நல்ல மனுஷன்தான். வேலையை விட்டு அனுப்ப மாட்டேன், முன்னாடி கடையில நின்னு வியாபாரத்தப் பாருன்னு சொல்றார். சில்லறை எண்ணிப் போட நான் எதுக்கு தம்பி? அடுப்பு இல்லாட்டி நான் மாஸ்டரே இல்ல. எப்படியாவது மூக்கைத் திருப்பிக் குடுங்க."

கூட வந்திருந்த மைத்துனர் அதே பேக்கரியில் அவருக்கு அடுத்த இடத்தில் நிற்பவர். மனைவியின் தம்பி. அவருக்கும் மூக்கு அடைப்பு, அவருக்கும் சதை. ஆனால் கவலை மட்டும் கிடையாது.

"மாமாவுக்கு மூக்கு வந்தா எனக்குத்தான் கஷ்டம். இப்ப நான் குளிக்காம வந்தாக்கூடக் கண்டுபிடிக்க முடியாது."

"நீ என்னைக்குடா குளிச்சே, கண்டுபிடிக்கறதுக்கு?"

வாசனைச் சோதனை என்பது பேனா மாதிரி இருக்கும் சில குழல்களை ஒவ்வொன்றாக மூடி திறந்து மூக்கருகில் காட்டுவது. நான்கு பெயர் சொல்வோம். எது என்று சொல்ல வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது விதி. மாஸ்டர் அங்கேயே மடக்கினார்.

"ரோஜாவா, தோலா, எலுமிச்சையா, புகையா?"

"ஒண்ணும் தெரியல."

"தெரியாட்டியும் ஒண்ணைச் சொல்லுங்கண்ணே."

"தெரியாததை எப்படித் தெரியும்னு சொல்றது?"

"அதுதான் விதி."

"ஓ, இது பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி. அப்படின்னா நான் அப்பவே ஃபெயில்தான், எழுதிக்குங்க" என்றார். மைத்துனரோ பேனாவைப் பார்க்கும் முன்பே "ரோஜா" என்றார். எல்லாப் பேனாவுக்கும் ரோஜா.

பிறகு ஆளுக்கொரு புட்டி கொடுத்தோம். அப்போது நான் சொல்ல வேண்டியதை விளக்கமாகச் சொன்னேன். சிலர் புட்டியில் மருந்து இருக்கும், சிலர் புட்டியில் பார்க்க அதே மாதிரி உப்புத் தண்ணீர் மட்டும் இருக்கும். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குலுக்கல்தான். அப்படிச் செய்தால்தான் மருந்து வேலை செய்கிறதா, நம் மனசு வேலை செய்கிறதா என்று பிரித்துப் பார்க்க முடியும். நானே மெச்சிக்கொள்ளும்படி விளக்கினேன். இருவரும் அக்கறையாகத் தலையாட்டினார்கள். எல்லாம் புரிந்தது என்று கையெழுத்தும் போட்டார்கள்.

அடுத்த தடவை வந்தபோது மாஸ்டரின் ஒரு பக்க மூக்கில் காற்று போய்வந்தது. பேனாக்களில் இரண்டைச் சரியாகச் சொன்னார். மைத்துனரும் இரண்டு. மாஸ்டர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு வெளிச்சம். மனைவியையும் அழைத்து வந்திருந்தார். அக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன். அக்கா என்னிடம், "நேத்துக் குறட்டைச் சத்தம் கேக்கலேன்னதும் பயந்து போய் எழுப்பிப் பாத்துட்டேன் தம்பி" என்றார்.

"பரவாயில்லையே, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி முன்னேற்றம்" என்றேன்.

"வராம? பாதிப் பாதி ஆச்சே" என்றார் மாஸ்டர் பெருமையோடு.

"என்ன பாதி?"

"மருந்துதான். நீங்கதான சொன்னீங்க, ஒருத்தருக்கு மருந்து வரலாம், ஒருத்தருக்குத் தண்ணி வரலாம்னு. அது நியாயமா தம்பி? வீட்டுக்குப் போனதும் ரெண்டு புட்டியையும் ஒரு பாத்திரத்துல ஊத்திக் கலந்து, திரும்ப ரெண்டுலயும் ரொப்பிட்டோம்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலி மட்டும் ஆடியது.

"நாங்க பேக்கரியில அப்படித்தான் பண்ணுவோம்" என்று அவர் நிதானமாக விளக்கினார். "ரெண்டு மூட்டை மாவு வந்தா ஒண்ணு நல்லா இருக்கும், ஒண்ணு சோப்ளாங்கியா இருக்கும். தனித்தனியாப் போட்டா இன்னைக்கு நல்ல ரொட்டி, நாளைக்குக் கல்லு. ரெண்டையும் கலந்துட்டா எல்லா ரொட்டியும் ஒரே சீரா வரும்."

"இவருக்குத் தண்ணியும் எனக்கு மருந்தும் வந்திருந்தா, எங்க அக்கா எனக்கு ஒரு வாய் சோறு போடுவாளா? நீங்களே சொல்லுங்க" என்றார் மைத்துனர்.

"பாத்திரத்தக் கொதிக்கிற தண்ணியில கழுவித்தான் ஊத்தினேன். ஸ்பூனையும்" என்று அக்கா சேர்த்துக்கொண்டார்.

ஆய்வை நடத்திய டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால், சிரிப்பு. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு அவர்களை உள்ளே கூப்பிட்டார்.

"புட்டியைத் திறந்து கலந்ததுல கிருமி போயிருந்தா என்ன ஆயிருக்கும்? இனிமே அதைத் தொடவே கூடாது. உங்க ரெண்டு பேரையும் ஆய்வுல இருந்து எடுத்துத்தான் ஆகணும். யாருக்கு எவ்வளவு மருந்து போச்சுன்னு இனிமே கடவுளுக்கும் தெரியாது."

மாஸ்டர் முகத்திலிருந்த வெளிச்சம் பட்டென்று அணைந்தது. எழுந்து நின்றுவிட்டார்.

"தப்புப் பண்ணிட்டோம்மா. தெரியாமப் பண்ணிட்டோம். மாப்ளையை வேணா எடுத்துருங்க, என்னை விட்டுருங்க. இப்பத்தான் ஒரு பக்கம் தொறந்திருக்கு. இதோட வெளிய அனுப்பினா நான் அந்த மணிச் சத்தத்தோடயே சாக வேண்டியதுதான்."

"அட, என்னைக் காவு குடுக்கறதுல எவ்வளவு வேகம் பாருங்க" என்று மைத்துனர் முனகினார். ஆனால் குரலில் கிண்டல் இல்லை.

"உக்காருங்க. ஆய்வை விட்டுத்தான் அனுப்பறேன், ஆஸ்பத்திரியை விட்டு இல்ல" என்றார் டாக்டரம்மா. "இனிமே நீங்க சாதாரண நோயாளி. குலுக்கல் கிடையாது. மருந்துன்னா மருந்துதான். முதல்ல உங்களுக்கு எது ஒத்துக்கலைன்னு பாத்துடுவோம்."

ஆய்வுக்கு அந்தச் சோதனை தேவைப்பட்டிருக்கவில்லை. அதனால் அதுவரை யாரும் செய்யவில்லை. அன்றே செய்தோம். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களின் சாற்றை முன்கையில் வரிசையாகச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒவ்வொரு சொட்டின் வழியாகவும் ஊசி முனையால் லேசாகக் குத்த வேண்டும். ஒவ்வாத பொருள் இருக்கும் இடம் கொசு கடித்ததுபோல் தடிக்கும். காத்திருந்தோம். மைத்துனர் கையில் வீட்டுத் தூசிப் பூச்சிக்கான இடம் தடித்தது. மெத்தையிலும் தலையணையிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி என்று நர்ஸ் சொன்னார்.

"அப்ப எனக்கு வேலை ஒத்துக்குது, தூக்கம்தான் ஒத்துக்கல. முதலாளி காதுல விழுந்துடப் போகுது" என்றார் அவர்.

மாஸ்டர் கையில் ஒரே ஒரு இடம் தடித்துச் சிவந்திருந்தது. நர்ஸ் வரிசையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "கோதுமை மாவு" என்றார்.

மாஸ்டர் அந்தத் தடிப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், பிசைந்த மாவு பதமாயிருக்கிறதா என்று பார்ப்பதைப்போல.

மருந்து கொடுக்கலாம், மூக்கைக் கழுவலாம், சதையைச் சுருக்கலாம். ஆனால் தினமும் மாவுத் தூசியை இழுத்துக்கொண்டிருந்தால் பாதிக் கிணறுதான் தாண்ட முடியும் என்று டாக்டரம்மா சொன்னார். முகக்கவசம் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டுப் பார்த்தார். அடுப்புச் சூட்டில் கவசம் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. கழற்றினால் தும்மல், போட்டால் மூச்சு முட்டல். ஒருநாள் பிசைந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சில் வீசிங் வந்து, மைத்துனர் அவரைத் தாங்கிப்பிடித்து என்னிடம் கூட்டிவந்தார்.

அன்று அக்கா ஒரு முடிவோடு வந்திருந்தார். "மாவு வேணுமா, மூக்கு வேணுமா? ரெண்டும் வேணும்னு சின்னப் பிள்ளை மாதிரி நிக்காதீங்க. எனக்கு நீங்க மூச்சோட இருந்தாப் போதும்."

"மூக்கை வாங்கி நான் என்னடி பண்ணப் போறேன், அடுப்பில்லாம?"

"அடுப்ப அவன் பாக்கட்டும். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே? நாசமாவா போயிடும்?"

மாஸ்டர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தலைக்குனிவை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஆசைப்பட்ட இடம்தான் கிடைக்கிறது. ஆனால் இப்படிக் கிடைக்க வேண்டும் என்று அவர் ஆசைப்படவில்லை.

முதலாளி மறுபடி சொல்லும்வரை மாஸ்டர் காத்திருக்கவில்லை. அடுத்த வாரம் தானாகவே முன்கடைக்குப் போய் நின்றுவிட்டார். புதுச் சட்டை, வாரிய தலை. பேக்கரிக்குள் யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை என்றார் மைத்துனர். புருவம் கறுப்பு என்பதே அன்றுதான் தெரிந்ததாம்.

மழைக்காலம் முடியும் சமயம் ஒரு மாலை எனக்கு அழைப்பு வந்தது. "தம்பி, உடனே கடைக்கு வா" என்றார் மாஸ்டர். அடைப்பு இல்லாத குரல். யாரோ என்று நினைத்து ராங் நம்பர் என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

போனபோது கூட்டம் அதிகமில்லை. கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்றபடி, ஒரு பெண்மணிக்குச் சில்லறை கொடுக்கக் கையை நீட்டியவர் அப்படியே நின்றார். உள்ளே அடுப்புக் கதவு திறந்த சத்தம். மாஸ்டர் கண்ணை மூடி, மூக்கால், வாயை மூடிக்கொண்டு மூக்கால், இழுத்தார்.

"பாத்தியா தம்பி? மாவு கொஞ்சம் கூடுதலாப் பொங்கிருச்சு. புளிப்பு வாடை. உனக்குத் தெரியுதா?"

எனக்கு ரொட்டி வாசனை மட்டும்தான் தெரிந்தது. அதுவே எனக்கு அமிர்தமாக இருந்தது.

"டேய் மாப்ளே! மாவை வெச்சிட்டுத் தூங்கிட்டியாடா?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

"மூக்கு வந்ததும் வாயும் வந்துருச்சு! சில்லறையப் பாருங்க மாமா!" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

மாஸ்டர் சில்லறையைப் பெண்மணி கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று உள்வாசலை நோக்கி நடந்தார். நிலைப்படி வந்ததும் கால் நின்றுவிட்டது. உள்ளே விளக்கு வெளிச்சத்தில் மாவுத்தூள் மெல்லப் பறந்துகொண்டிருந்தது. இரண்டு கைகளாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு அடிகூட உள்ளே வைக்காமல், கழுத்தை மட்டும் நீட்டினார்.

"ஒண்ணை எடுத்துட்டு இங்க வாடா. பிட்டுக் காட்டு. நான் இங்கிருந்தே பாத்துச் சொல்றேன்."

மைத்துனர் கையைத் துடைத்து, கையோடு சட்டையையும் தட்டி, முகத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, சூடான ரொட்டியோடு வாசலுக்கு வந்தார்.